கை என்ன செய்தது

நான் என் மனைவியை அடித்தவன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வைத்தால், அதற்குள் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிடும். அது எனக்கு வேண்டாம்.

கண்டிக்குக் கிட்ட, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் வேலை. பஸ், லொறிகளின் ஸ்பிரிங் பிளேட்டுகளைக் கழற்றி, சூடாக்கி, அடித்து வளைத்து மறுபடி பூட்டுவது. இருபது வருடம் சம்மட்டி பிடித்த கை. மாதத்தில் ஒரு தடவையாவது அந்தக் கை வீட்டிலும் வேலை செய்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போய், சுவாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வேன். சுவாமி தரும் செபங்களை முழங்காலில் இருந்து சொல்லி முடிப்பேன். எழும்பும்போது உடம்பு இலேசாக இருக்கும். ஞாயிறு பூசையில் கையை நீட்டி நற்கருணை நன்மை வாங்குவேன். என் மனைவி பக்கத்தில் நிற்பாள், முழுக்கைச் சட்டை போட்டு.

ஒரு ஞாயிறு மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நாவலப்பிட்டியில் இருக்கும் தன் அக்காவோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். வை என்றேன். ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. ஃபோனைப் பிடுங்கக் கையைப் பிடித்தேன். ஃபோன் கீழே விழுந்த பிறகும் நான் கையை விடவில்லை. திருப்பினேன். வலது மணிக்கட்டு முறியும் சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சோற்றுக் கோப்பையை நான் காலால் உதைத்தேன், அது ஏன் என்று இன்றைக்கும் தெரியாது.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவள் அழவில்லை. அறைக்குள் போய் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் தாதி என்ன நடந்தது என்று கேட்டாள். படியில் வழுக்கி விழுந்தாள் என்று நான் சொன்னேன். கண்டியில் இதைவிட நல்ல பொய் கிடையாது. மலையில் வீடு கட்டியவன் எல்லோருக்கும் படி இருக்கிறது, மழையும் இருக்கிறது. தாதி எழுதிவிட்டுப் போய்விட்டாள். சக்கர நாற்காலியைத் தள்ள வந்த அட்டெண்டன் மட்டும் போகவில்லை. எங்கள் கோயிலில் கடைசி வாங்கில் உட்காரும் ஆள்தான். என்னைவிட மூன்று, நான்கு வயது இளையவன், ஒல்லி, முன்பல் ஒன்று கிடையாது. என் கையைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

"எத்தனையாவது படிங்கண்ணே?" என்றான்.

நான் கையைப் பின்னால் மறைத்தேன்.

"நாலாவது," என்றாள் என் மனைவி.

அவன் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியைத் தள்ளினான். அந்த நிமிஷத்திலிருந்து அவனைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது எனக்கு.

மறுநாள் நான் வேலைக்குப் போன பிறகு அவள் மகளைக் கூட்டிக்கொண்டு நாவலப்பிட்டிக்குப் போய்விட்டாள். பின்னேரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு நானும் போனேன். அக்காள் கதவைத் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"தங்கச்சி வரமாட்டா. கத்துறதுன்னா கத்துங்க, சனம் எல்லாம் வந்து பாக்கட்டும்."

"என் புள்ளய அனுப்பு."

"புள்ள கட்டிலுக்கு அடியில இருக்கா. ஒங்க கொரலு கேட்டதும் போனவ. ஒன்னு கேக்குறேன் கொழுந்தனாரே. சாமிக்கும் பயமில்ல, போலீசுக்கும் பயமில்ல. ஒங்களுக்கு யாருக்குத்தான் பயம்? அப்புடி ஒரு ஆளக் காட்டுங்க, அப்பறம் பேசுவோம்."

ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வழக்கம்போல சனிக்கிழமை சங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய், தட்டிக்கு வெளியே முழங்காலில் இருந்தேன். எங்கள் பங்குச் சுவாமி மன்னார்ப் பக்கத்து ஆள், என்னைவிடச் சின்னவர். நான் சொல்லி முடித்ததும் வழக்கமான செபத்தைத் தரவில்லை.

"நீர் மாதா மாதம் வாறீர். ஒரே பாவம். என்னட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு போய் அதை அடுத்த அடிக்கு எண்ணெயா ஊத்துறீர். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தன் உமக்குக் காணாது. உமக்கொரு ஆன்ம வழிகாட்டி வேணும். உம்மட முகத்தைப் பாத்து, நீர் பொய் சொல்லேக்க தெரிஞ்சுகொள்ளுற ஆள். தேடும்."

"எங்க தேடுறது?"

"அது எனக்குத் தெரியாது. சாந்தமா கதைக்கிற ஆளைத் தேடாதையும்."

நான் அதைக் கேட்கவில்லை, சாந்தமான ஆளைத்தான் தேடினேன். செபக்கூட்டம் நடத்தும் ஓய்வுபெற்ற கிளார்க் ஒருவரிடம் போனேன். அவர் என்னை நிற்கவைத்து, நெற்றியில் கையை வைத்து, ஆவியானவர் இறங்குகிறார் என்று சொல்லிப் பின்னால் தள்ளினார். விழுவேன் என்று இரண்டு பேர் பின்னால் கையை விரித்து நின்றார்கள். என்னை யாரும் தள்ளக்கூடாது. நானும் தள்ளினேன். அவர் ஆர்மோனியத்தின் மேல் விழுந்தார். மூக்குக்கண்ணாடி உடைந்தது. "இவனுக்குள்ள இருக்கிறது லேசுப்பட்ட பேயில்ல" என்று கூட்டத்தில் ஒரு அம்மா சொன்னது வெளியே வரும்வரை கேட்டது.

பிறகு கன்னியர் மடத்தில் ஒரு சிஸ்டரிடம் போனேன். நல்ல மனுஷி. நான் சொல்லச் சொல்ல அழுதார். எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் இன்னும் சொன்னேன். என் தகப்பன் என்னை அடித்தது, கராஜ் முதலாளி ஏசுவது, என் மனைவி பதில் பேசுவது எல்லாம் சொன்னேன். வெளியே வரும்போது நான்தான் அடிவாங்கியவன் என்று எனக்கே தோன்றியது. இரண்டாம் தடவை போகவில்லை.

இதற்குள் தவக்காலம் வந்துவிட்டது. எங்கள் பங்கில் பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை ஆட்களை வைத்து நடித்துக் காட்டுவார்கள். கீழே பஸ் ரோட்டில் தொடங்கி, மேலே கோயில் முற்றம்வரை பதினான்கு நிலைகள். ஏற்பாடு செய்யும் ஆசிரியர் என் தோளைப் பார்த்து, "நீங்கதான் இந்த முறை படைவீரன்" என்றார். சரி என்றேன். இயேசு யார் என்று கேட்கவில்லை. ஒத்திகைக்குப் போனால், வெள்ளை அங்கியோடு அந்த அட்டெண்டன் நிற்கிறான்.

என் கையில் தும்புக் கயிறு, மூன்று பிரியாய் முடிந்தது. அதைச் சிவப்புச் சாயத்தில் நனைத்து வைத்திருப்பார்கள். ஓங்கிச் சிலுவை மரத்தில் அடிக்க வேண்டும், சத்தம் வரும். கயிற்றின் நுனி மட்டும் முதுகில் பட வேண்டும், அங்கியில் சாயம் ஒட்டும். அடி விழாமலே ரத்தம் வழியும். ஆசிரியர் இதை எனக்கு நாலு தடவை செய்து காட்டினார். ஒத்திகையில் ஒழுங்காகத்தான் செய்தேன்.

பெரிய வெள்ளியன்று நல்ல வெயில். முதலாவது தடவை விழும் இடத்தில் அவன் சிலுவையோடு ரோட்டில் விழுந்தான். எழும்பும்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அது நடிப்பாக இருக்கலாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆஸ்பத்திரியில் பார்த்த அதே பார்வை. நான் மரத்தில் அடிக்கவில்லை. முதுகில் அடித்தேன், முழுக் கையையும் வீசி. சம்மட்டிக்கு வீசுவது போல. அவன் உடம்பு வளைந்தது. இன்னொன்று அடித்தேன். அவன் மூச்சு விட்ட சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது, அது எனக்கு நன்றாக இருந்தது. அங்கி முழுதும் சிவப்பு. அதில் எது சாயம் எது ரத்தம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பெண்கள் அழத் தொடங்கினார்கள். "பாவிப்பய எப்புடி அடிக்கிறான் பாரு" என்றாள் ஒருத்தி. "போன வருஷம் இப்புடி இல்லடி, இந்த வருஷம்தான் நல்லா செய்றாங்க" என்றாள் இன்னொருத்தி. மடவளையிலிருந்து வந்து ரோட்டோரம் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் வருடா வருடம் ஊர்வலத்துக்குத் தண்ணீர் கொடுப்பார். அவர் ஒருவர்தான் கண்டுபிடித்தார். தண்ணீர் வாளியோடு என் பக்கத்தில் வந்து, "என்ன வாப்பா இது, மெய்யாவே அடிக்கிறீங்க. மனுசன் செத்துப் போவான்" என்றார். அவரையும் தள்ளிவிட்டு நடந்தேன். வாளி கவிழ்ந்தது.

இரண்டாவது தடவை விழும் இடத்தில் கயிற்றை ஓங்கினேன். அது கீழே வரவில்லை. அவன் முழங்காலில் இருந்தபடியே கையைத் தூக்கி நுனியைப் பிடித்துவிட்டான். இரண்டு சுற்று கையில் சுற்றி என்னைக் கிட்ட இழுத்தான். முள்முடிக்குக் கீழே வேர்வை ஓடியது. எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்:

"இன்னும் ஒரு அடி அடிச்சீங்க, சிலுவையக் கீழ போட்டுட்டு பல்ல ஒடச்சிருவேன். இயேசுன்னும் பாக்கமாட்டேன்."

பிறகு கயிற்றை விட்டுவிட்டு, சிலுவையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழும்பினான். மிச்ச வழி முழுதும் நான் மரத்தில்தான் அடித்தேன். பயந்துதான். என் வாழ்க்கையில் அடி வாங்கிய ஒரு ஆள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

எல்லாம் முடிந்த பிறகு பூசை உடுப்பு வைக்கும் அறைக்குப் பக்கத்தால் நழுவிப் போகப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? வாங்க உள்ள. கதவச் சாத்துங்க," என்றான் உள்ளே இருந்த அட்டெண்டன்.

அங்கி முதுகில் ஒட்டியிருந்தது. வெந்நீரும் பஞ்சும் மேசையில் இருந்தன.

"எனக்கு எட்டாது. நீங்கதானே செஞ்சீங்க, நீங்களே துடைங்க."

துணியைப் பிரித்தேன். தோல் மூன்று இடத்தில் கிழிந்திருந்தது. துடைத்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"என்னைய ஏன் அடிச்சீங்க?"

"நீ பாத்துட்டே."

"என்னத்த?"

"ஆஸ்பத்திரியில. தெரிஞ்சுக்கிட்டுத்தான் படி கேட்டே."

"தெரியாமயா? நான் என் பொண்டாட்டிய கொண்டு வந்தப்ப நானும் படின்னுதான் சொன்னேன். அவளுக்குத் தாடை. அவ கெட்டிக்காரி, எனக்காகப் பொய் சொல்லல்ல. புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. பதினோரு வருஷம். புள்ள என்னைய ரோட்டுல கண்டா அடையாளம் தெரியாது."

நான் பஞ்சைப் பிடித்தபடி நின்றேன்.

"திரும்பி வந்தாங்களா?"

"பதினோரு வருஷம்னு சொல்றேன், வந்தாங்களான்னு கேக்குறீங்க. துடைங்கண்ணே, எரியுது."

துடைத்து முடித்த பிறகு நான் கேட்டேன். எப்படிக் கேட்பது என்று தெரியாததால் கட்டளை போடுவது போலக் கேட்டேன். "சாமி எனக்கொரு வழிகாட்டி தேடச் சொன்னாரு. நீ இரு."

அவன் பல் இல்லாத வாயால் சிரித்தான். "மண்டையில கோளாறா? நான் பைபிளே முழுசாப் படிச்சதில்ல. சனிக்கிழம ரெண்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல டீக்கடையில உக்காருவேன். வர்றதுன்னா வாங்க. டீக்குச் சொல்லி வைக்கிறேன்."

போனேன். உட்கார்ந்ததும், "அவ ஃபோன்ல..." என்று தொடங்கினேன். அவன் டீயைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டான். இரண்டு டீயையும் நானே குடித்தேன். அடுத்த கிழமை, "அவ அக்காதான்..." என்றேன். எழும்பிப் போய்விட்டான். மூன்றாவது கிழமை அவன் சட்டையைப் பிடித்து மறுபடி வாங்கில் உட்காரவைத்தேன். கடைக்காரன் ஓடி வந்தான்.

"கைய எடுங்க," என்றான். எடுத்தேன். "இதுதான் சட்டம். 'அவ'ன்னு ஆரம்பிச்சா நான் இருக்கமாட்டேன். அவங்க என்னா செஞ்சாங்கன்னு நான் கேக்கல்ல. கை என்னா செஞ்சுச்சு? அத மட்டும் சொல்லுங்க."

"கை பிடிச்சுச்சு."

"அப்பறம்?"

"திருப்புச்சு."

"எந்தக் கை?"

"வலது."

"நன்மை எதுல வாங்குறீங்க?"

இடது உள்ளங்கையில் வாங்கி வலது கையால் எடுத்து வாயில் வைப்பேன். பத்து வருடமாய். அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, எழும்பி என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்காலில் இருக்கவைத்தான். கைகளை விரித்து மடியில் வை, செபம் ஒன்றும் சொல்லாதே, கையைப் பார் என்றான். "எவ்வளவு நேரம்?" "நான் செபமாலை முடிக்கிற வரைக்கும்." அதைவிட நீண்ட கால்மணி நேரம் எனக்கு அமைந்ததில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதுதான். டீக்கடையில் கை அந்தக் கிழமை என்ன செய்தது என்ற கணக்கு. கராஜில் வேலை பழகும் பெடியனின் கன்னத்தில் அறைந்தது. பஸ்ஸில் கண்டக்டரின் கழுத்தைப் பிடித்தது. வீட்டில் யாரும் இல்லாததால் அலுமாரிக் கதவைக் குத்தி உடைத்தது. பிறகு கோயில். அவன் என்னை ஒரு தடவைகூடப் பாராட்டவில்லை.

நான் ஒரு நாள் சொன்னேன், "நாவலப்பிட்டிக்குப் போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்."

"வேணாம். நீங்க கேட்டா அவங்க குடுக்கணும். இப்பவும் அவங்ககிட்ட புடுங்கத்தான் போறீங்க. மொதல்ல எடுத்தத வைங்க. ஆஸ்பத்திரிப் புத்தகத்துல படின்னு எழுதியிருக்கு. அதப் போய்த் திருத்துங்க."

ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு பொலிஸ் அறை இருக்கிறது. அவன் வெளியே நின்றான், நான் உள்ளே போனேன். மனைவியின் கையை உடைத்தது நான், படி இல்லை என்று சொன்னேன். இருந்த பொலிஸ்காரர் சிரித்தார். பெண் முறைப்பாடு கொடுக்கவில்லை, நீ ஏன் வந்தாய், குடித்திருக்கிறாயா என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை, எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

எழுதினால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். சங்கீர்த்தனத் தொட்டியில் பழகிய புத்தி அது. சொன்னால் போதும், எழும்பும்போது இலேசாகிவிடும். இங்கே அப்படி இல்லை. அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இந்தத் தடவை அவள் நாலாவது படி என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் நடந்ததையெல்லாம் சொன்னாள். வழக்கு வந்தது. ஒரு வருடத்துக்கு நான் அவளையும் மகளையும் நெருங்கக்கூடாது, ஃபோனில் கூப்பிடவும் கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டது.

கோர்ட்டிலிருந்து நேரே கராஜுக்குப் போனேன். உடைந்த பிளேட் துண்டு ஒன்றை எடுத்தேன், முழ நீளம். அதைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனேன். அவன் சீருடையோடு வெளியே வந்தான். பேப்பரைக் கிழித்து இரும்பை எடுத்தேன். காவலாளி விசிலை ஊதினான். சனம் விலகியது.

"ஒன்னாலதான்டா! வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பா!"

அவன் பின்னால் போகவில்லை. முகம் வெளுத்திருந்தது. பயந்திருந்தான், நான் பார்த்தேன்.

"கை என்னா செய்யப் போவுது?" என்றான்.

"என்னாது?"

"சட்டம் சட்டந்தான். சொல்லிட்டு அடிங்க. கை என்னா செய்யப் போவுது?"

"ஒன் மண்டைய ஒடைக்கப் போவுது."

என் வாயால் வெளியே வந்ததும் அது என் காதிலும் விழுந்தது. ஒரு வயதுபோன பெண் மருந்துச் சீட்டோடு எனக்குப் பக்கத்தில் நின்று தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். நான் அவளை அடிக்கப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

"சரி," என்றான். "எனக்கு ஆறு மணி வரைக்கும் டியூட்டி. அடிக்கிறதுன்னா உள்ள வந்து அடிங்க, கட்டுப் போட வசதி. வெளிய அடிச்சா என்னைய நானே தள்ளிக்கிட்டுப் போவணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அழவில்லை. கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்தேன். இரும்பைக் காவலாளி வாங்கிக்கொண்டான். அதற்கும் பொலிஸ் அறைக்குப் போக வேண்டி வந்தது. அதே பொலிஸ்காரர். நீ மறுபடியுமா என்றார்.

அந்த ஒரு வருடம் முடியும்வரை நான் நாவலப்பிட்டிப் பக்கம் போகவில்லை. முடிந்த பிறகும் நானாகப் போகவில்லை. அக்காள்தான் ஃபோனில் கூப்பிட்டாள். மகளுக்குக் கண் மங்கலாம், கண்டியில் கிளினிக், கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டும், வேறு யாரும் கிடைக்கவில்லை என்றாள். கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னாள்.

காலையிலேயே போய் நாவலப்பிட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இரண்டு பேரும் வந்தார்கள். மகள் வளர்ந்திருந்தாள். என் மனைவி தலையை ஆட்டினாள். அவர்கள் இரண்டு பேருக்கான சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள். பேராதனை தாண்டியதும், "அப்பா, தண்ணி இருக்கா?" என்று திரும்பாமல் கேட்டாள். போத்தலைக் கொடுத்தேன்.

கண்டிக்குள் பஸ் நுழைந்ததும் எழும்பினேன். அவர்களுடைய பை மேலே தட்டில் இருந்தது. எடுக்கக் கையை உயர்த்தினேன். என் மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய இடது கை தானாகவே போய் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. மகள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவசர அவசரமாகச் சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். இறங்கப் போகிறோம் என்பதால் போட்டாளா, வேறு எதற்காகவா என்று எனக்குத் தெரியாது. கிளினிக்கில் நின்றேன், கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள், மத்தியான பஸ்ஸில் அவர்களை ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை. இரண்டு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். அவன் இரண்டு டீயை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கை என்னா செஞ்சுச்சு?"

"பையை எடுத்துச்சு. அவ்வளவுதான்."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் டீக்கோப்பையைத் திருப்பினேன்.

"அவ மணிக்கட்டப் புடிச்சுக்கிட்டா," என்றேன். "நான் கையத் தூக்குனதும். அவளுக்கே தெரியாம."

சொல்லிவிட்டு அவன் எழும்பிப் போவான் என்று காத்திருந்தேன். அவன் எழும்பவில்லை.